38 மி.மீ இரும்புத் துண்டு... மூன்று போர்களில் சோறு போட்ட கதை! - பி-38 டின் ஓப்பனர்

கையில் டின் இருக்கிறது. உள்ளே சாப்பாடு இருக்கிறது. ஆனால், திறக்க வழியில்லை. ஹாஸ்டலிலோ டிரெக்கிங்கிலோ இந்தக் கொடுமையை நீங்கள் அனுபவித்திருந்தால் அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். கத்தி, ஸ்க்ரூ டிரைவர், ஆணி, கருங்கல் என கைக்குக் கிடைத்ததையெல்லாம் வைத்து ஒரு யுத்தமே நடந்திருக்கும். கடைசியில் டின் நசுங்கி, விரலில் ரத்தம் வந்து, பாதி சாப்பாடு தரையில் கொட்டியிருக்கும்.

இப்போது அதே காட்சியை ஒரு போர்க்களத்தில் வைத்துப் பாருங்கள். நாள் முழுக்க நடந்த களைப்பு. மழையில் நனைந்த உடம்பு. வெளிச்சம் போட்டால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும். அந்த இருட்டில் ஒரு சிப்பாய் டின்னைத் திறந்து சாப்பிட வேண்டும். விரலை வெட்டிக்கொண்டால் பேண்டேஜ் போட்டுக்கொண்டு லீவு எடுக்க முடியாது. சேற்றில் அந்தக் காயம் சீழ் பிடித்தால் அதுவே அவரைப் படுக்க வைத்துவிடும்.

இந்தப் பிரச்னைக்கு அமெரிக்க ராணுவம் கண்டுபிடித்த விடைதான் பி-38. உங்கள் கட்டைவிரலை விடச் சின்னது. எடை சில கிராம்தான். பேட்டரி இல்லை, ஸ்பிரிங் இல்லை, ஸ்க்ரூ கூட இல்லை. இரண்டாம் உலகப் போர், கொரியப் போர், வியட்நாம் போர் என மூன்று பெரும் போர்களில் பசியாற்றிய இந்தக் குட்டி டின் ஓப்பனரின் கதை, உண்மையிலேயே செம சுவாரஸ்யம்.

டின் வந்தாச்சு... ஓப்பனர் எங்கே?

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து தொடங்கலாம். படைகளுக்கு உணவு கெடாமல் கொண்டுசேர்ப்பது அந்தக் காலத்தில் பெரிய தலைவலி. அதற்கு வழி கண்டுபிடிப்பவர்களுக்கு 12,000 ஃபிராங்க் பரிசு என்று பிரெஞ்சு அரசு அறிவித்தது. நிக்கோலா அப்பேர் என்ற சமையல் கலைஞர் பல வருடங்கள் முயன்று, உணவைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, காற்றுப் புகாமல் அடைத்து, கொதிக்கும் நீரில் வேகவைத்தால் மாதக்கணக்கில் கெடாது என்று நிரூபித்தார். 1810-ல் பரிசு அவர் கைக்கு வந்தது.

கிருமிகளால்தான் உணவு கெடுகிறது என்று லூயி பாஸ்டர் விளக்கியது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து. ஆக, ஏன் கெடவில்லை என்பதே தெரியாமல் அப்பேர் ஜெயித்திருக்கிறார்!

கண்ணாடி உடையுமே? அதே 1810-ல் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார். சில வருடங்களில் லண்டனில் தொழிற்சாலையே வந்துவிட்டது. பிரிட்டிஷ் கடற்படைக்கு டின்கள் போகத் தொடங்கின.

எல்லாம் சரி, எப்படித் திறப்பது? அதை யாருமே யோசிக்கவில்லை. அந்தக் கால டின்கள் கனமான இரும்புத் தகட்டில் செய்யப்பட்டவை. 1824-ல் வில்லியம் எட்வர்ட் பாரி தலைமையில் ஆர்க்டிக் கடலுக்குப் போன கப்பலில் கொண்டுபோன ஒரு கறி டின்னில், மேல் விளிம்பையொட்டி உளியும் சுத்தியலும் வைத்து வெட்டித் திறக்கவும் என்றே எழுதியிருந்தது. சாப்பிட உட்காரும்போது தட்டுக்குப் பக்கத்தில் உளி, சுத்தியல்!

தகடு மெலிதான பிறகுதான் ஓப்பனர் சாத்தியமானது. 1855-ல் இங்கிலாந்தில் ராபர்ட் யேட்ஸ், 1858-ல் அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் ஆகியோரின் ஓப்பனர்கள் வந்தன. டின்னுக்கும் ஓப்பனருக்கும் நடுவே சுமார் 45 வருட இடைவெளி. வார்னரின் கருவி பார்ப்பதற்கே அரிவாள் போல இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைகள் அதைப் பயன்படுத்தின. வீட்டுக்கு அது ஆபத்து என்பதால், மளிகைக் கடைக்காரரே டின்னைத் திறந்து கொடுத்து அனுப்பும் வழக்கம் இருந்தது.

ஒவ்வொரு சிப்பாயும் ஒரு சமையலறை

முன்பெல்லாம் படைக்குப் பின்னால் சமையல் வண்டி வரும். பெரிய பாத்திரத்தில் ஆக்கி, வரிசையில் நிற்பவர்களுக்குப் பரிமாறுவார்கள். இரண்டாம் உலகப் போர் அந்தக் கணக்கை மாற்றியது. படைகள் வேகமாக நகர்ந்தன. தீவு விட்டுத் தீவு தாவின. சமையல் வண்டி போக முடியாத இடங்களில் ஒவ்வொரு வீரரும் தன் சாப்பாட்டைத் தானே சுமக்க வேண்டிய நிலை.

அப்படி வந்ததுதான் 'சி-ரேஷன்'. இறைச்சியும் பீன்ஸும் கலந்தது ஒரு டின், இறைச்சியும் காய்கறியும் சேர்ந்த குழம்பு ஒரு டின், பிஸ்கெட், மிட்டாய், காபித்தூள் அடைத்தது இன்னொரு டின் என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு டின்கள். இவற்றைத் திறக்க டின்னின் அடியிலேயே ஒரு சாவியை ஒட்டி வைத்திருந்தார்கள். டின்னின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டு நுனியைச் சாவியில் மாட்டிச் சுருட்டினால் மூடி கழன்று வரும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சாவி ஒரு டின்னுக்கு மட்டும்தான். அது உடைந்தாலோ தொலைந்தாலோ அவ்ளோதான். தகடு கோணலாகச் சுருண்டு பாதியில் அறுந்தால், அடுத்து துப்பாக்கி முனைக் கத்தியை எடுக்க வேண்டியதுதான். சண்டைக்கு வைத்திருக்கும் கத்தியை டின்னில் குத்தினால் கூர் மழுங்கும். வழுக்கினால் கை போகும். எந்த டின்னையும் திறக்கிற மாதிரி, எல்லோருக்கும் கொடுக்கிற அளவுக்கு மலிவாக, தொலைந்தாலும் கவலைப்படாத மாதிரி ஒரு கருவி தேவைப்பட்டது.

1942... சிகாகோ!

அமெரிக்க ராணுவத்தின் உணவு ஆராய்ச்சிக் கூடம் அப்போது சிகாகோ நகரில் இருந்தது. படைகளுக்கான ரேஷனைத் திட்டமிடுவதே அதன் வேலை. 1942-ல் அங்கே உருவானதுதான் இந்தக் குட்டி ஓப்பனர்.

மொத்தமே இரண்டு பாகங்கள். ஒன்று, நீளமான சின்ன இரும்புக் கைப்பிடி. இரண்டு, அதில் கீல் மாதிரி மடங்கும் வளைந்த வெட்டுப்பல். கைப்பிடியின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு. டின்னின் விளிம்பைக் கவ்விப் பிடிக்க. நுனியில் ஒரு ஓட்டை. சங்கிலியிலோ சாவிக்கொத்திலோ கோத்துக்கொள்ள. பல்லை மடக்கிவிட்டால் தட்டையாகிவிடும், பாக்கெட்டில் இருந்தாலும் குத்தாது.

தகட்டை அச்சில் வெட்டி, வளைத்து, கோத்தால் பொருள் தயார். துருப்பிடித்து நகராமல் போக ஸ்பிரிங் இல்லை. சேறு புகுந்து சிக்கிக்கொள்ள பல்சக்கரம் இல்லை. கூர்ந்து பாருங்கள், இந்த டிசைனின் முழு வெற்றியும் அதில் இல்லாத பாகங்களில் இருக்கிறது. ஒஹாயோ மாநிலத்தின் ஷெல்பி ஊரில் இவை பெருமளவில் தயாராயின. அதனால் பழைய ஓப்பனர்கள் பலவற்றின் மேல் இன்றும் 'ஷெல்பி' என்ற எழுத்துகளைப் பார்க்கலாம்.

எப்படி வேலை செய்கிறது?

ரொம்ப சிம்பிள். மடங்கியிருக்கும் பல்லைக் கைப்பிடிக்குச் செங்குத்தாக விரியுங்கள். கைப்பிடியில் உள்ள வெட்டை டின் விளிம்புக்கு அடியில் மாட்டுங்கள். இப்போது பல்லின் நுனி, மூடியின் மேல், விளிம்பை ஒட்டி உட்கார்ந்திருக்கும். கைப்பிடியை மணிக்கட்டால் திருப்புங்கள். 'டக்' என்று ஒரு ஓட்டை. டின்னைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி ஒரு திருப்பு. இப்படியே ஒரு சுற்று வந்தால் மூடி கழன்றுவிடும்.

பின்னால் இருப்பது பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல் தத்துவம்தான். கிணற்று ஏற்றத்திலும் பாக்குவெட்டியிலும் இருக்கிற அதே கணக்கு. விளிம்பைக் கவ்விய இடம் அசையாத தாங்குபுள்ளி. பல் அதற்கு மிக அருகில். உங்கள் விரல் கொஞ்சம் தள்ளி. அதனால் விரல் தரும் சின்ன அழுத்தம், பல்லின் நுனியில் பல மடங்காக இறங்குகிறது. கத்தியால் குத்தும்போது வேகம் வேண்டும், வேகம் இருந்தால் வழுக்கும். இங்கே வேகமே வேண்டாம். குத்துவதற்குப் பதிலாக நெம்புகிறோம். இருட்டில் தடவிப் பார்த்தே ஒருவர் டின்னைத் திறக்க முடிந்ததற்குக் காரணம் இதுதான்.

அதென்ன 38?

ராணுவத்தின் கோப்புகளில் இதற்கு 'கையால் இயக்கும் மடக்கு டின் ஓப்பனர்' என்ற அர்த்தத்தில் நீளமான, உப்புச்சப்பில்லாத பெயர்தான். பி-38 என்பது வழக்கில் வந்த பெயர். அது எப்படி வந்தது என்பதற்கு மூன்று கதைகள் உண்டு.

ஒன்று: ஒரு சி-ரேஷன் டின்னைத் திறக்க 38 குத்து தேவை, அதனால் 38.

இரண்டு: இதன் நீளம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லி மீட்டர். இதன் அண்ணன் ஒருவர் உண்டு, பி-51. அவர் நீளம் 2 அங்குலம், அதாவது 51 மில்லி மீட்டர். கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அந்தக் காலத்தில் அமெரிக்க ராணுவம் அங்குலக் கணக்கில் இருந்ததே என்று இதை மறுப்பவர்களும் உண்டு.

மூன்று: அதே போரில் பறந்த பி-38 லைட்னிங் என்ற போர் விமானத்தின் பெயரை, வேகத்துக்காக வீரர்கள் இதற்கு வைத்துவிட்டார்கள். பி-51 என்பதும் ஒரு போர் விமானத்தின் பெயர்தான் என்பதால் இந்தக் கதையையும் ஒதுக்க முடியவில்லை.

இதுபோக ஒரு செல்லப் பெயரும் உண்டு: 'ஜான் வெய்ன்'! ஆமாம், ஹாலிவுட் கௌபாய் ஹீரோ ஜான் வெய்னேதான். அமெரிக்க மரைன் படையினர் வைத்த பெயர் இது. பயிற்சிப் படம் ஒன்றில் அவர் இதைப் பயன்படுத்திக் காட்டினார் என்பார்கள் சிலர். எவ்வளவு அடித்தாலும் தாங்குகிற ஹீரோ மாதிரி இதுவும் தாங்கும் என்பதால் வந்த பெயர் என்பார்கள் இன்னும் சிலர்.

வியட்நாம்: 12 சாப்பாடு, 4 ஓப்பனர்

1958-ல் சி-ரேஷனின் இடத்துக்குப் புதிய தனிநபர் உணவுப் பெட்டி வந்தது. பெயர் மாறினாலும் வீரர்கள் பழைய பெயரிலேயே கூப்பிட்டார்கள். வியட்நாம் போரில் சாப்பிட்டது இதைத்தான். ஒரு அட்டைப்பெட்டிக்குள் ஒரு இறைச்சி டின், ஒரு ரொட்டி அல்லது பிஸ்கெட் டின், ஒரு பழம் அல்லது கேக் டின். கூடவே ஒரு சின்னப் பொட்டலத்தில் காபித்தூள், சர்க்கரை, உப்பு, சூயிங்கம், தீக்குச்சி, டாய்லெட் பேப்பர், சிகரெட். ஒரு வேளைக்கு ஏறக்குறைய 1,200 கலோரி.

இப்படி 12 பெட்டிகள் சேர்ந்தது ஒரு கேஸ். அந்த 12 பேருக்கு உள்ளே இருக்கும் ஓப்பனர்கள் எத்தனை தெரியுமா? நான்கு! பழுப்புக் காகித உறையில், எப்படித் திறப்பது என்ற படத்தோடு வரும். அதனால் ஒன்று கிடைத்தால் யாரும் விடமாட்டார்கள். கழுத்துச் சங்கிலியில், பெயரும் ரத்த வகையும் பொறித்த அடையாளத் தகடுகளுக்கு நடுவே கோத்துக்கொள்வார்கள். ஒருவர் செத்தால் யார் என்று சொல்லும் தகடும், அவர் உயிரோடிருக்கச் சோறு திறக்கும் கருவியும் ஒரே சங்கிலியில் தொங்கின.

திறப்பதோடு வேலை முடியவில்லை. காலியான பிஸ்கெட் டின்னின் பக்கவாட்டில் ஓப்பனரால் ஓட்டைகள் போட்டால் அடுப்பு ரெடி. உள்ளே எரிபொருள் வில்லையை வைத்துப் பற்றவைத்து, மேலே இறைச்சி டின்னை வைத்துச் சூடாக்குவார்கள். மூடியை முழுசாக வெட்டாமல் கொஞ்சம் விட்டுவைத்து, பின்னால் மடக்கினால் அதுவே கைப்பிடி. சுடச்சுட டின்னைப் பிடிக்க வேறு வழி?

சாப்பாட்டில் அரசியலும் இருந்தது. பீச் பழ டின்னும் பவுண்டு கேக்கும் கிடைத்தவர் ராஜா. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவது அங்கே பெரிய விருந்து. பன்றிக்கறியும் லிமா பீன்ஸும் கலந்த டின் வந்தால் முகம் சுருங்கிவிடும். அதற்கு வீரர்கள் வைத்த பட்டப்பெயரை இங்கே அச்சிட முடியாது பாஸ். ஏப்ரிகாட் பழ டின்னைத் தொட்டாலே அபசகுனம் என்ற நம்பிக்கையும் மரைன் படையில் பரவியிருந்தது. நம்மூரில் பூனை குறுக்கே போகிற மாதிரி.

ஸ்க்ரூ டிரைவர் முதல் பூட்ஸ் வரை

கூரான நுனியும் உறுதியான கைப்பிடியும் இருந்தால் மனுஷன் சும்மா இருப்பானா? பி-38 ஸ்க்ரூ டிரைவர் ஆனது. நூல் வெட்டியது. பூட்ஸ் அடியில் அப்பிய சேற்றைச் சுரண்டியது. நகத்து அழுக்கை எடுத்தது. பெட்டி கட்டிய நாடாவை அறுத்தது. சண்டை முடிந்து வீடு திரும்பிய பலர் சீருடையைப் பரணில் போட்டார்கள். இதை மட்டும் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டார்கள். முன்னாள் வீரர்களின் சாவிக்கொத்துகளில் இன்றும் இது தொங்குவதைப் பார்க்கலாம்.

ஒரு போர் நினைவுப்பொருள் என்றால் பதக்கமோ துப்பாக்கித் தோட்டாவோதான் நம் நினைவுக்கு வரும். டின் ஓப்பனரை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? போர்க்களத்தில் ஒருவரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கும் விஷயங்கள் மிகக் குறைவு. எங்கே போக வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்று எல்லாமே உத்தரவு. அந்த நாளில் அவர் தன் கையால், தனக்காக மட்டும் செய்துகொண்ட வேலை ஒரு டின்னைத் திறந்ததுதான். அந்தச் சில நிமிடங்கள் அவருக்குச் சொந்தமானவை. அந்த நினைவுக்குத்தான் சாவிக்கொத்தில் இடம்.

ஆஸ்திரேலியப் படைகளிடம் இதன் தூரத்து உறவினர் ஒருவர் உண்டு. பெயர் 'ஃபிரெட்'. டின் ஓப்பனர், பாட்டில் ஓப்பனர், ஸ்பூன் மூன்றும் ஒரே துண்டில். 'ஃபீல்டு ரேஷன் ஈட்டிங் டிவைஸ்' என்பதன் சுருக்கம் என்பார்கள். அந்த ஸ்பூனில் சாப்பிட்டவர்கள் அந்த நான்கு எழுத்துக்கு வேறொரு விரிவாக்கம் வைத்திருக்கிறார்கள். அதையும் இங்கே அச்சிட முடியாது!

ஓய்வு கொடுத்தது ஒரு பொட்டலம்

பி-38-ஐ வீட்டுக்கு அனுப்பியது இன்னொரு ஓப்பனர் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. டின்னே போய்விட்டது.

'ரிட்டார்ட் பவுச்' என்று ஒரு தொழில்நுட்பம். பாலியெஸ்டர், அலுமினியத் தாள், பாலிபுரோப்பிலீன் ஆகிய அடுக்குகளை ஒட்டிய உறையில் சமைத்த உணவை அடைத்து, அழுத்தத்தில் சுமார் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். வேலை டின் செய்வதேதான். ஆனால் எடை குறைவு, தட்டையாக இருப்பதால் வெப்பம் சீக்கிரம் உள்ளே போகும், சீருடைப் பாக்கெட்டில் வளைந்து உட்காரும். திறக்க? ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு. கையால் கிழித்தால் போதும். 1981 முதல் அமெரிக்கப் படைகளுக்கு இந்தப் பொட்டலச் சாப்பாடு போகத் தொடங்கியது. 1980-களில் டின் ரேஷன் விடைபெற்றது. 40 வருடம் உழைத்த பி-38-க்கும் ரிட்டயர்மென்ட்.

இந்தக் கதையின் இந்தியக் கிளை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மைசூரில் 1961-ல் தொடங்கப்பட்ட பாதுகாப்பு உணவு ஆய்வகம், நம் படைகளுக்காக இதே உறைத் தொழில்நுட்பத்தில் புலாவ், உப்புமா, கறி வகைகளைத் தயாரிக்கும் வழிகளை உருவாக்கியது. நாள்கணக்கில் கெடாத சப்பாத்தியும் அங்கே பிறந்ததுதான். 1984-ல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனபோது உணவு தயாரித்துக் கொடுத்ததும் இதே ஆய்வகம். அந்தத் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனங்களும் வாங்கின. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் தம்பி, தங்கைகளின் சூட்கேஸில் அம்மா அடுக்கி அனுப்பும் 'ரெடி டு ஈட்' பாக்கெட்டுகள் அந்த வழியில் வந்தவைதான்.

இப்போதும் கிடைக்குமா?

கிடைக்கும். ராணுவப் பொருள் விற்கும் கடைகளிலும் ஆன்லைனிலும் பி-38, பி-51 இரண்டுமே விற்பனையில் இருக்கின்றன. டிரெக்கிங், கேம்பிங் போகிறவர்களின் பையில் இதற்கு இன்னும் மவுசு உண்டு. வாங்கினால் சில விஷயங்களைக் கவனியுங்கள்.

* முதல்முறை வாங்குகிறீர்களா? பி-51 எடுங்கள். கைப்பிடி நீளம் என்பதால் விரல் வலி குறைவு.

* சாப்பாட்டைத் தொடும் பல் இது. சாவிக்கொத்தில் கிடந்ததை அப்படியே டின்னில் வைக்காதீர்கள். சோப்பு போட்டு வெந்நீரில் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகு பயன்படுத்துங்கள். ஈரத்தோடு மடக்கி வைத்தால் துரு பிடிக்கும்.

* அவசரப்பட்டுப் பெரிய பெரிய வெட்டாகப் போடாதீர்கள். சின்னச் சின்ன வெட்டாகப் போனால்தான் விளிம்பு ஒழுங்காக வரும். வெட்டிய மூடியை விரலால் நெம்பி எடுக்காதீர்கள், ஸ்பூன் பயன்படுத்துங்கள்.

* உப்பிய டின்னையும், திறக்கும்போது உள்ளிருந்து பீய்ச்சியடிக்கும் டின்னையும் எந்த ஓப்பனரும் காப்பாற்றாது. ருசி பார்க்காமல் தூக்கிப் போடுங்கள்.

* விமானத்தில் போகிறீர்களா? கைப்பையில் வேண்டாம். கூரான பல் இருப்பதால் சோதனையில் பிடுங்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. செக்-இன் பையில் போட்டுவிடுங்கள்.

அடுத்த தடவை மிக்ஸர் பாக்கெட்டையோ ரெடிமேட் புலாவ் பாக்கெட்டையோ கிழிக்கும்போது, ஓரத்தில் இருக்கும் அந்தக் குட்டி வெட்டைக் கவனியுங்கள். உளி, சுத்தியல், அரிவாள், சாவி, பி-38 என்று 200 வருடங்களாகச் சுருங்கிச் சுருங்கி வந்த கருவி, கடைசியில் அந்த வெட்டாக மாறி உறையிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓப்பனரைத் தொலைத்துவிட்டுப் பசியோடு உட்கார்ந்திருந்த எத்தனையோ சிப்பாய்களுக்கு, கடைசியில் யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள்.